பேஷன் ஃப்ரூட், பூனை மூத்திரம், வெங்காயம்: ஒரே கிளாஸ்

போன சனிக்கிழமை நாங்கள் நான்கு பேர் ஆறு பீர் பாட்டில்களோடு ருசி பார்க்க உட்கார்ந்தோம். நான்காவது பாட்டில்வரை ஒரு வம்பும் இல்லை. ஐந்தாவதாக வந்தது ஒரு ஹேஸி ஐபிஏ (இந்தியா பேல் ஏல்), பழச்சாறு மாதிரி மஞ்சளாகக் கலங்கி, பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் என்ற கொடிப் பூவை வாரி இறைத்த வகை. கிளாஸை மூக்குப் பக்கம் கொண்டுபோனதுமே எனக்கு பேஷன் ஃப்ரூட், அதற்குப் பின்னால் நன்றாகப் பழுத்த கொய்யா, ஆஹா என்று கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த தோழி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "யார் வீட்டுப் பூனை இதுல போச்சு?" என்றாள். எங்களில் மூத்தவர், அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், ரொம்ப நேரம் மோந்து பார்த்துவிட்டு, "வெங்காயம் நறுக்கின கத்தியைக் கழுவாம வெச்சா வருமே, அந்த வாடை" என்றார். நான்காவது ஆள் என் பழைய கூட்டாளி. அவனை இனிமேல் கசப்பன் என்றே எழுதுகிறேன், தெரிந்தால் பெருமைதான் படுவான். "இதுல கசப்பே இல்லையேடா, பீரா ஜூஸா?" என்று கேட்டுவிட்டு அவன் ஆறாவது பாட்டிலைத் தேடப் போய்விட்டான்.

அரைமணி நேரம் சண்டை. உனக்கு மூக்கே இல்லை, உனக்கு ரசனையே இல்லை, இந்த ரகம். அப்புறம் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் சிம்கோ, மொசைக் என்ற இரண்டு ஹாப்ஸின் பெயர் போட்டிருந்தது. சரிதான், மூன்று பேர் சொன்னதும் நிஜம்.

இந்த மாதிரி ஹாப்ஸில் தயோல் என்று கந்தகம் சேர்ந்த சேர்மங்கள் இருக்கின்றன. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே போதும், மூக்கு பிடித்துவிடும். அதில் ஒன்று கொஞ்சமாக இருந்தால் பிளாக் கரன்ட் மாதிரி பழ வாசனை, அதே சரக்கு கொஞ்சம் கூடினால் பூனை மூத்திரம். எந்த இடத்தில் பழம் முடிந்து பூனை ஆரம்பிக்கிறது என்ற கோடு ஆளுக்கு ஆள் வேறு. அண்ணன் சொன்ன வெங்காயமும் கந்தகத்தின் வேலையே, ஹாப்ஸைக் கொடியில் அதிக நாள் விட்டு அறுத்தால் அந்த வாடை தூக்கலாக வரும் என்று ப்ரூவர்கள், அதாவது பீர் காய்ச்சுகிறவர்கள், புலம்புவார்கள். மனித மூக்கில் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன, அவற்றில் கணிசமானவை ஒருவருக்கு வேலை செய்கிற மாதிரி இன்னொருவருக்குச் செய்வதில்லை. ஆக, ஒரே பாட்டிலிலிருந்து நான்கு கிளாஸ் ஊற்றினாலும் நாங்கள் நான்கு பேரும் குடித்தது நான்கு பீர்.

நாக்கும் அப்படியே. 1931ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் டூபான்ட் என்ற வேதிப்பொருள் கம்பெனியின் ஆய்வகத்தில் ஒரு தூளைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. கூட வேலை செய்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்று கத்த, ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவர் நாக்கில் வைத்துப் பார்த்தும் கசக்கவில்லை. பினைல்தயோகார்பமைடு என்ற அந்தத் தூள் சிலருக்குக் கசப்பு, சிலருக்கு சுவையே இல்லாத பொடி, காரணம் பரம்பரை. இதைச் சொன்னதும் கசப்பன் "பார்த்தியா, எனக்கு அந்த ஜீன் இல்ல, அதான் தாங்குறேன்" என்று குதித்தான். அவசரப்பட வேண்டாம். ஹாப்ஸின் கசப்பு போவது வேறு ஏற்பிகள் வழியாக. கசப்பைக் கண்டுபிடிக்க மட்டும் நம்மிடம் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன, ஒன்றில் மந்தமானவன் இன்னொன்றில் கூர்மையாக இருக்கலாம். கசப்பனுக்கு ஜீன் பாதி, பழக்கம் மீதி என்பது என் கணிப்பு. முதன்முதலில் ஐபிஏ குடித்தபோது அவன் முகம் போன போக்கை நேரில் பார்த்தவன் நான்.

அவன் பழகிய காலமும் அப்படிப்பட்டது. 1972ல் வெளியான கேஸ்கேட் என்ற ஹாப்ஸை வைத்து சியரா நெவாடா என்ற ப்ரூவரி 1980ல் தன் பேல் ஏல் என்ற வகைப் பீரைக் கொண்டுவந்ததிலிருந்து, அமெரிக்க மேற்குக் கரைப் பக்கம் யார் அதிகம் கசக்க வைப்பது என்று ஒரு போட்டியே நடந்தது. தெளிந்த பீர், பைன் மர வாசனை, நாக்கை இழுக்கிற கசப்பு. பிற்பாடு வெர்மான்ட்டில் தி ஆல்கெமிஸ்ட் என்ற ப்ரூவரி ஹெடி டாப்பர் என்ற கலங்கலான ஐபிஏவை 2011ல் கேனில் போட ஆரம்பித்த பிறகு காற்று மாறியது. கொதிக்கும்போது போடுகிற ஹாப்ஸைக் குறைத்து, கொதி அடங்கிய பிறகும் நொதிக்கும்போதும் அள்ளிப் போட்டார்கள், ஓட்ஸும் கோதுமையும் சேர்த்து பீரின் உடம்பை மெத்தென்று ஆக்கினார்கள். கசப்பு வருவதே ஹாப்ஸைக் கொதிக்க வைப்பதால்தான், எனவே அது இறங்கி வாசனை ஏறியது. கசப்பனைப் பொறுத்தவரை உலகம் கெட்டுப்போனது அன்றைக்கு.

அவனோடு எனக்கு உள்ள தீராத வழக்கு ஐபியு பற்றியது. பாட்டிலில் போட்டிருக்கும் கசப்பு எண். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் (ஹாப்ஸ் கொதிக்கும்போது உண்டாகிற கசப்புப் பொருள்) இருந்தால் ஏறக்குறைய 1 ஐபியு, அவ்வளவுதான் அதன் அர்த்தம். அவன் அதைப் பரீட்சை மார்க் மாதிரி படிப்பான். 70 ஐபியு போட்ட இம்பீரியல் ஸ்டவுட், அதாவது கனமான கறுப்பு பீர், ஒன்றை அவனுக்கு ஊற்றிக்கொடுத்தேன், "சாக்லேட் மாதிரி இருக்கு, சாது" என்றான். 40ஐ ஒட்டிய ஒரு பில்ஸ்னரை, லேசான பொன்னிற பீரை, கொடுத்தேன், "இது கடிக்குது" என்றான். எண்ணைச் சொன்னதும் நம்பவில்லை. ஸ்டவுட்டில் மால்ட்டின், அதாவது முளைகட்டிய தானியத்தின், இனிப்பு கசப்பைப் போர்த்திவிடும், பில்ஸ்னரில் போர்த்த ஆளில்லை. தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு: சல்ஃபேட் அதிகமான தண்ணீரில் கசப்பு கத்தி மாதிரி நிற்கும், குளோரைடு அதிகமானால் வட்டமாக, மழுங்கலாக இருக்கும்.

இன்னொன்று, நாங்கள் கசப்பு என்று சண்டை போடுவதில் பாதி கசப்பே இல்லை, துவர்ப்பு. தமிழில் இதற்குச் சுத்தமாகத் தனிச் சொல் இருந்தும் டேஸ்டிங் என்று உட்கார்ந்தால் ஏனோ எல்லோரும் கசப்பு என்றே சொல்கிறோம். ஹேஸி ஐபிஏ கேனில் அடைத்த புதிதில் குடித்தால் தொண்டையின் பின்பக்கம் சுரண்டுவது போல இருக்கும், கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும். அது ஹாப்ஸ் துகளும் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருளும் செய்கிற வேலை. ரெண்டு வாரம் குளிரில் விட்டால் துகள் அடியில் படிந்து பாதி அடங்கிவிடும். புத்தம் புதிதாகக் குடிக்க வேண்டும் என்று அடித்துப்பிடித்து வாங்கி, அன்று இரவே திறந்து, "ரொம்பக் கசப்பு" என்று குறை சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது: வாய் வறண்டால் துவர்ப்பு, நாக்கின் பின்பக்கம் நின்று இறங்கினால் கசப்பு. இந்த ஒரு பிரிப்பிலேயே எங்கள் சண்டையில் நாலில் ஒன்று தீர்ந்தது.

என் நாக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஊருக்கு மட்டும் உபதேசம் செய்யக்கூடாது. இரண்டு பேல் ஏல்களில் ஒன்று உயிர், மற்றது தண்ணீர் என்று பல மாதமாகப் பேசிக்கொண்டிருந்தேன். தோழி ஒருநாள் மூன்று கிளாஸை வைத்தாள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது, எது தனி என்று சொல்ல வேண்டும். முக்கோணச் சோதனை என்பது இதுவே, ப்ரூவரிகளிலும் இப்படிச் செய்வார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஊகித்தாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும். ஆறு சுற்று. இரண்டு சரி. அதாவது பகடை உருட்டியிருந்தாலும் அதே லட்சணம். கின்னஸ் ப்ரூவரியில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908ல் ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில், கையில் இருப்பது கொஞ்சம் மாதிரிகளே என்றால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று கணக்கு எழுதினார். அதைச் சொல்லி, ஆறு சுற்று போதாது என்று நழுவப் பார்த்தேன். "சரி, இன்னும் ஆறு ஊத்தவா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கண்ணும் காதும் கூட நாக்கைக் கெடுக்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துப் பப்புகளில் ஒரு சோதனை செய்து 2006ல் வெளியிட்டார்கள்: சாதாரண பீர் ஒரு கிளாஸ், சில சொட்டு பால்சாமிக் வினிகர் விட்டது இன்னொரு கிளாஸ். எதுவும் சொல்லாமல் கொடுத்தபோது பலர் வினிகர் விட்டதையே விரும்பினார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் முகம் சுளித்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது மூன்றாவது கூட்டம். குடித்து முடித்த பிறகு வினிகர் என்று சொல்லப்பட்டவர்கள் "அப்படியா, பரவாயில்லையே" என்று கிட்டத்தட்ட முதல் கூட்டத்தைப் போலவே இருந்தார்கள். அதனால் இப்போதெல்லாம் நான் லேபிளைக் கடைசியில்தான் படிக்கிறேன். அன்றைக்கும் சிம்கோ என்று முதலிலேயே படித்திருந்தால் அந்தக் கொய்யா எனக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்.

இவ்வளவும் சொன்னதால், எல்லாமே அவரவர் ருசி, எதையும் குறை சொல்லக்கூடாது என்று முடித்துவிடாதீர்கள், அந்தப் பேச்சு எனக்கு ஆகாது. போன வருடம் ஒரு இடத்தில் ஜன்னலோரம் வெயிலில் அடுக்கி வைத்திருந்த பச்சை பாட்டில் ஒன்றை வாங்கினேன். திறந்ததும் ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சுகிற மாதிரி நாற்றம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து அந்த நாற்றம் பிறக்கும், பழுப்பு பாட்டில் தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது. கடைக்காரர் "அதான் சார் அந்த பீரோட டேஸ்ட்டே" என்றார். இல்லை, அது கெட்டுப்போன பீர். ஆக்சிஜன் பட்டு ஈர அட்டைப்பெட்டி மாதிரி ஆன பீரும் அப்படியே. ஆனால் இங்கேயும் கோடு நேராக இல்லை. வெண்ணெய் வாசனை தரும் டயசெட்டில் பெரும்பாலான லாகர்களில், அதாவது குளிரில் நொதித்த பீர்களில், குற்றம், செக் லாகரில் லேசாக இருந்தால் அழகு. வாழைப்பழ வாசனை ஜெர்மன் கோதுமை பீரில் இல்லாவிட்டால் குறை, பில்ஸ்னரில் வந்தால் குறை.

பூனையை விரட்டிய எங்கள் தோழிக்கு உயிர் எது தெரியுமா? பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக். காற்றில் இருக்கும் காட்டு ஈஸ்ட் தானாக வந்து உட்கார்ந்து, மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்து புளித்த பீர். 1904ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ப்ரூவரியைச் சேர்ந்த கிளாசன் என்பவர் ஆங்கிலேய ஏல்களிலிருந்து பிரித்து பிரெட்டனோமைசெஸ் என்று பெயர் வைத்த ஈஸ்ட் அதில் புகுந்து விளையாடும். அதன் வாசனையை விவரிக்க உலகம் முழுக்கச் சொல்வது குதிரை மேல் போட்ட போர்வை. வேறு பீரில் அதே ஈஸ்ட் புகுந்தால் பீப்பாயோடு கொட்டுவார்கள். இவள் கண் கலங்கக் குடிக்கிறாள். பூனை ஆகாது, குதிரை ஆகும்.

அண்ணன் கதை வேறு. லாகர் தவிர வேறெதையும் அவர் இரண்டாவது கிளாஸ் கேட்டு நான் பார்த்ததில்லை, நாங்கள் கிண்டல் செய்வோம். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "நீங்கல்லாம் ரெண்டு மடக்கு குடிச்சுட்டு மார்க் போடறீங்க. நான் ஒரு கிளாஸ் முழுசா குடிச்சுட்டு, இன்னொண்ணு வேணுமான்னு என்னையே கேட்டுப்பேன்." அன்றிலிருந்து கிண்டல் கொஞ்சம் குறைந்தது. சின்னக் கிளாஸில் சுற்று வைத்தால் கனமான, இனிப்பான, 11, 12 சதவீத ஆல்கஹால் ஸ்டவுட்கள்தான் ஜெயிக்கும், முதல் மடக்கிலேயே கத்துகிற சரக்கு அது. 1842ல் பில்சென் நகரில் யோசெஃப் க்ரோல் காய்ச்சிய அந்தப் பொன்னிற லாகரின் வாரிசுகள் மூன்றாவது கிளாஸில்தான் பேச ஆரம்பிக்கும்.

மார்க் போடுவதையும் செய்து பார்த்தோம். பிஜேசிபி என்ற நடுவர் அமைப்பின் தாளில் மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணர்வதற்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. போட்டிக்கு அது நல்ல தாள்தான், அந்த வகைக்கு அந்த பீர் எவ்வளவு பொருந்துகிறது என்பதை அளக்கிறது. எங்கள் நோட்டில் அது உதவவில்லை. அன்றைய ஹேஸிக்கு என் மார்க் 43, கசப்பன் 24, சராசரி போட்டால் எங்கள் நாலு பேரில் ஒருவர்கூடக் குடிக்காத ஒரு பீர் கிடைக்கும். இப்போது எண்ணை விட்டுவிட்டு என்ன வாசனை, எங்கே உறுத்தியது, மிச்சம் வைத்தாயா என்று மட்டும் எழுதுகிறோம். தோழி "பூனை" என்று எழுதிய பீர் ஒவ்வொன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏழுக்கு ஏழு. கசப்பனின் திட்டு அதைவிடத் துல்லியம். நேற்று இரவு ஒரு பாட்டில் போட்டோவோடு செய்தி அனுப்பியிருந்தான்: "மகா மட்டம். பழச்சாறு. கசப்பு பூஜ்யம். பாதி சிங்க்கில் ஊத்திட்டேன். கிட்டப் போகாதே மச்சான்."

காலையில் முதல் வேலையாகக் கடைக்கு போன் செய்து இரண்டு எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன்.