விராலடிப்பான் கூட்டுக்கு எதிரே ஆறு மாதம்

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து ரட்லண்ட் வாட்டர் நீர்த்தேக்கத்துக்கு முக்கால் மணி நேர ஓட்டம். மார்ச் முதல் செப்டம்பர் வரை என் ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் அங்கேதான் கழிந்தன. லிண்டன் பக்கம் வண்டியை விட்டுவிட்டு, வேடர்ஸ்கிரேப் என்ற மரக்குடில் வரை நடக்க வேண்டும். குடிலின் ஜன்னலுக்கு நேர் எதிரே, மேன்டன் பே என்ற ஏரி மூலையில், தண்ணீரில் நட்ட கம்பத்தின் உச்சியில் விராலடிப்பான் (osprey) கூடு. மீன் பிடித்துத் தின்னும் வேட்டைப் பறவை.

இந்த ஏரிக்கு இந்தப் பறவை தானாக வரவில்லை. 1996 முதல் 2001 வரை ஸ்காட்லாந்திலிருந்து 64 குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 2001-இல்தான் முதல் ஜோடி குஞ்சு பொரித்தது. இப்போது மேன்டன் பே கூட்டில் இருக்கும் ஆணின் கால் வளையத்தில் 33 என்று எண். 2011-இல் ரட்லண்டிலேயே பொரித்தவன். பெண்ணுக்கு வளையம் இல்லை, பெயர் மட்டும் உண்டு: மாயா. வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எங்கள் தெருப் பெண் யாரோ ஞாபகம் வரும்.

நோட்டில் ஒரே ஒரு கணக்கு மட்டும் எழுதுவதென்று முடிவு செய்திருந்தேன்: நான் இருக்கும் நேரத்தில் எத்தனை மீன் வருகிறது.

ஏப்ரல் முழுக்கக் கணக்கு மெலிவுதான். மூன்று முட்டை. அடைகாப்பு ஐந்து வாரத்துக்கு மேல். பெண் உட்கார்ந்திருக்கும், எழுந்து, கூரிய நகம் படாமல் விரல்களை மடக்கிக்கொண்டு முட்டையைப் புரட்டும், மறுபடி உட்காரும். ஆண் மீனோடு வந்தால் அதை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கொம்புக்குப் போகும், அந்த நேரம் ஆண் அடைகாக்கும். வருகிற மீனுக்குப் பெரும்பாலும் தலை இருக்காது. அதை ஐயா வழியிலேயே முடித்திருப்பார்.

மே மாதம் பொரித்ததும் நோட்டு நிரம்ப ஆரம்பித்தது. ஒரு காலையில் மூன்று மீன், இன்னொரு நாள் நான்கு. ட்ரவுட்டையும் ரோச்சையும் பிரித்துச் சொல்ல எனக்கு ஜூன் ஆகிவிட்டது. மீன் எதுவானாலும், தலை முன்னால் பார்க்கத் திருப்பிப் பிடித்துத்தான் பறக்கிறது, காற்று தடுக்காது. பெண் துணுக்குத் துணுக்காகக் கிழித்து ஊட்டும்போது பெரிய குஞ்சுதான் முதலில் வாயை நீட்டும். முட்டை ஒரே நாளில் இடுவதில்லை, அதனால் பொரிப்பதிலும் முன்பின் உண்டு. கடைக்குட்டி எப்போதும் பின்வரிசை.

மே கடைசியில் ஒரு மழை நாள். இரண்டு தலைதான் தெரிந்தது. "கடைக்குட்டி போயிற்று" என்று நோட்டில் எழுதிவிட்டு, மனசு கேட்காமல் பக்கத்திலிருந்த தன்னார்வலரிடம் சொன்னேன். அவர் டெலஸ்கோப்பை என் பக்கம் திருப்பி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். இருபது நிமிடம் கழித்துத் தாய் நகர, அதன் மார்புக்கடியிலிருந்து மூன்றாவது தலை எட்டிப் பார்த்தது. அந்த வரியை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், எனக்குப் பாடமாக.

அப்புறம் குஞ்சுகளின் காலில் நீல வளையம் போட்டார்கள், சிறகு முளைத்தது. ஜூலையில் நின்ற இடத்திலேயே எழும்பி எழும்பி இறங்கின. ஒரு வாரம் நான் போகாத நாளில் முதல் குஞ்சு பறந்தே விட்டது! மூன்று மாதம் காத்திருந்தவனுக்கு இது நியாயமா? பறந்த பிறகும் மீனுக்குக் கூட்டுக்கே வந்து கத்தின. அப்பன்தான் ஓடி ஓடிக் கொண்டுவந்தான்.

ஆகஸ்ட் நடுவில் மாயாவைக் காணோம். கவலைப்பட ஒன்றுமில்லையாம், தாய்தான் முதலில் கிளம்பும். இங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு, செனகல், காம்பியா பக்கம். பிள்ளைகளும் ஒன்றொன்றாகத் தனித்தனியே, வழிகாட்டி யாருமில்லாமல். குளிர்காலத்தில் நம்மூர் பழவேற்காட்டுக்கு வருகிறவை இவை அல்ல, அவை வேறு திசையிலிருந்து வருபவை.

செப்டம்பர் முதல் ஞாயிறு. கூடு காலி. பத்தரைக்கு அப்பன் ஒரு ரோச்சோடு வந்து கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு கொம்புக்குப் போய், தலையிலிருந்து வால்வரை முழுவதையும் தானே தின்றான். நோட்டில்: மீன் 1.