ஞாயித்துக்கிழமை எந்தப் பூசைக்குப் போறது

சிங்கப்பூர் வந்த புதுசுல வேலையோ சாப்பாடோ எனக்குப் பெரிய சிரமமா இல்ல, தேக்கா மார்க்கெட்டுக்குப் போனா முருங்கைக்காய்ல இருந்து கருவாடு வரைக்கும் கிடைக்குது, எம்ஆர்டி ரயில் ரெண்டு நாள்ல பழகிடுச்சு, ஆபீஸ்லயும் தமிழ் ஆளுங்க இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை காலையில தான் என்னமோ மாதிரி இருக்கும். நான் தூத்துக்குடி பக்கத்துக் கத்தோலிக்கன், பனிமய மாதா கோயில் கொடியேற்றம் ஜூலை 26னா அன்னைக்கு ஊரே வேற மாதிரி ஆயிடும், ஆகஸ்ட் 5 திருவிழா முடியுற வரைக்கும் வீட்டுல யாரும் ஒழுங்கா தூங்க மாட்டாங்க. அந்த ஆளு இங்க வந்து ஏசி போட்ட கோயில்ல பெஞ்சுல உட்கார்ந்து கரெக்டா ஒரு மணி நேரத்துல பூசை முடிஞ்சு, அடுத்த பூசைக்கு ஆள் வெளிய நிக்குதுன்னு கார்பார்க்கைக் காலி பண்ணணும்னா எப்படி இருக்கும். செருப்போட உள்ள போறதுக்கே எனக்குக் கொஞ்ச காலம் கால் கூசுச்சு.

வீட்டுப் பக்கத்துக் கோயில்ல எல்லாம் இங்கிலீஷ். முதல்ல தெரியாம ஞாயிறு சாயங்காலப் பூசைக்குப் போயிட்டேன், அது யூத் மாஸ், ட்ரம்ஸ் செட்டு, ரெண்டு கிட்டார், ஸ்கிரீன்ல பாட்டு வரி ஓடுது, பசங்க கையைத் தூக்கிப் பாடுறாங்க. எனக்கு உண்மையிலேயே பிடிச்சிருந்துச்சு, சத்தம் இருக்கு, ஆளு இருக்கு, கோயில் மாதிரி இருக்குன்னு தோணுச்சு. மறுநாள் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒரு சீனத் தம்பிகிட்ட சொன்னேன், அவன் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. அதெல்லாம் ரொம்ப மாடர்ன் ப்ரோ, காலை பூசைக்கு வாங்க, அதுதான் ட்ரெடிஷனல்னான்.

சரின்னு போனேன். ஆர்கன், நாலு குரல்ல பாடுற கொயர், தூபம், நடுவுல சாங்க்டுஸ், ஆக்னுஸ் தேயின்னு பூசைப் பாட்டெல்லாம் லத்தீன்ல. அழகா தான் இருந்துச்சு, குறை சொல்ல மாட்டேன். ஆனா என் பாரம்பரியம்னு அவன் காட்டின அந்தப் பாட்டை நான் என் வாழ்க்கையில ஒரு தடவை கூடக் கேட்டதில்ல! எங்க ஆச்சிக்குத் தெரிஞ்ச பாரம்பரியம்னா ஆர்மோனியம், தபலா, சப்பரத்துக்கு முன்னாடி மேளம், பெரிய வெள்ளிக்கு பாஸ்கு நாடகம், இயேசு பட்ட பாடுகளை ஒப்பாரி மாதிரி இழுத்துப் பாடுற பாட்டு, தரையில பொம்பளைங்க ஒரு பக்கம் ஆம்பளைங்க ஒரு பக்கம். அதாவது இவன் மாடர்ன்னு ஒதுக்குற கொட்டும் தட்டும் தான் எங்களுக்குப் பழசு, இவன் பழசுன்னு சொல்றது எனக்குப் புத்தம் புதுசு.

இதைப் போன்ல அப்பாகிட்ட சொன்னப்ப அவர் சிரிச்சுட்டு, எலே உனக்கு என்ன தெரியும், நான் சின்னப் பையனா இருக்கும்போது நம்ம ஊர்லயும் லத்தீன் தானேன்னார். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்னு மெதுவா லத்தீன்ல ஏதோ சொல்லுவாராம், ஜனங்க இந்தப் பக்கம் தமிழ்ல ஜெபமாலை சொல்லிட்டு இருப்பாங்களாம், மணி அடிச்சா மட்டும் தலையைத் தூக்கிப் பாக்குறது. அப்ப தமிழ் எங்க இருந்துச்சுன்னா பிரசங்கத்துல, நவநாள்ல (இங்கிலீஷ்ல நொவீனாம்பாங்க, தொடர் ஜெபம்), தேர்ல, தெருவுல. பிரான்சிஸ் சவேரியார் 1542ல எங்க கடற்கரைக்கு, அதான் முத்துக்குளித்துறைக்கு, வந்தப்பவே ஜெபங்களைத் தமிழ்ப்படுத்தி மனப்பாடம் பண்ண வச்சாருல்ல, அதுல இருந்து ஜனங்களோட பக்தி பூரா தமிழ்ல தான், பலிபீடத்துல மட்டும் லத்தீன். அறுபதுகள்ல ரோம்ல பிஷப்மார் எல்லாம் கூடின ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் வெளிய இருந்தது உள்ள வந்துச்சு, அவ்வளவு தான்.

அந்தச் சங்கத்தோட வழிபாட்டு ஏட்டை (1963 டிசம்பர் 4ல வந்தது) இந்தச் சண்டைக்காகவே உட்கார்ந்து படிச்சேன், படிச்சா செம வேடிக்கை. 116ஆவது பத்தியில கிரகோரியன்ங்கிற பழைய லத்தீன் பாட்டுக்கு முதலிடம், 120ல பைப் ஆர்கனுக்குத் தனி மரியாதை, 36ல லத்தீனைக் காப்பாத்தணும்னு இருக்கு. அதே 36லயே மக்கள் மொழிக்கு இடம் குடுக்கலாம்னும் இருக்கு, 119ல மறைபரப்பு நாடுகள்ல ஜனங்களுக்கு சொந்த இசை மரபு இருந்தா அதுக்கு உரிய மதிப்பு குடுக்கணும்னும் இருக்கு. ஆக ரெண்டு கட்சியும் ஒரே ஏட்டைக் காட்டித் தான் அடிச்சுக்குறாங்க. இந்தியாவுக்கு 1969 ஏப்ரல்ல ரோம் பன்னிரண்டு மாற்றங்களை அனுமதிச்சுது, முழங்கால் மடக்குறதுக்குப் பதிலா கை குவிச்சு வணங்குறது, மெழுகுவர்த்திக்குப் பதிலா எண்ணெய் விளக்கு, ஆரத்தி, சாமியாருக்கு சால்வைன்னு. எங்க ஊர்ல குத்துவிளக்கும் ஆரத்தியும் ஒட்டிக்கிச்சு, சாமியார் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூசை வைக்கிறதை மட்டும் ஜனங்க கடைசி வரை ஏத்துக்கல. கேட்டா இது நம்ம வழக்கம் இல்லைம்பாங்க. எது நம்ம வழக்கம்னு முடிவு பண்றது மேல இருந்து வர்ற பேப்பர் இல்லைன்னு அங்கேயே தெரிஞ்சிருக்கணும்.

அந்த ஆபீஸ் தம்பி இருக்கானே, அவனுக்கு முப்பது கூட ஆகல, அவன் சங்கத்துக்கு முந்தின முறையில நடக்குற அசல் லத்தீன் பூசைக்கே போற ஆளு. 2007ல பெனடிக்ட் போப் அந்தப் பூசைக்குக் கதவைத் திறந்து விட்டதையும் 2021 ஜூலைல பிரான்சிஸ் போப் திரும்ப இறுக்கினதையும் நம்ம பசங்க வேர்ல்டுகப் மேட்ச் பேசுற மாதிரி நாள் தேதியோட பேசுவான். ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போனான். அவன் மனைவி லேஸ் துணி முக்காடு போட்டிருந்துச்சு, எங்க ஆச்சி சேலைத் தலைப்புல போடுறது தான், இங்க அது ஆன்லைன்ல வாங்குற பொருள் ஆயிடுச்சு. சாமியார் முதுகைக் காட்டிட்டு நிக்கிறாரேன்னு கேட்டேன், இல்ல ப்ரோ, எல்லாரும் ஒரே திசையைப் பாக்குறோம்னான். நல்ல பதில் தான். அந்த அமைதி என்னை நான் நினைச்சதை விட அதிகமாவே பிடிச்சுது, போன் இல்ல, பேச்சு இல்ல, பக்கத்துல இருக்குறவன் மூச்சு கேக்குது. ஆனா வாரா வாரம் போவேனான்னு கேட்டா மாட்டேன். எனக்குச் சாமிகிட்ட வாய் விட்டுப் பேசணும்.

அப்படிப் பேசுற இடம் எனக்கு சனிக்கிழமை நொவீனா கோயில்ல கிடைச்சுது, தாம்சன் ரோட்டுல இருக்குற அல்போன்சியார் கோயில், அந்தக் கோயில் நவநாளை வச்சுத்தான் எம்ஆர்டி ஸ்டேஷனுக்கே நொவீனான்னு பேரு. சகாய மாதா நவநாள், சீனவங்க, பிலிப்பினோக்கள், பொட்டு வச்ச நம்ம இந்து அக்காக்கள்னு எல்லாரும் வர்றாங்க, மன்றாட்டுக் கடிதமும் நன்றிக் கடிதமும் எழுதிப் போட்டா அதுல சிலதை சத்தமா வாசிக்கிறாங்க. பையனுக்கு வேலை கிடைச்சுது, ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, இப்படி. இங்கிலீஷ்ல வேளாங்கண்ணி! இதை யாரும் ட்ரெடிஷனலா கன்டெம்பரரியான்னு கேக்குறதில்ல, கேக்க நேரமும் இல்ல, அடுத்த நவநாளுக்கு கூட்டம் வந்துடும்.

தமிழ்ப் பூசைக்கு ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலுக்குப் போவோம். 1888ல தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே கட்டினது, பிரான்ஸ்ல இருக்குற லூர்து கோயில் சாயல், 1974 வரைக்கும் இந்தியர் பங்காவே (பங்குன்னா ஒரு கோயிலைச் சேர்ந்த சபை) இருந்துச்சு, அப்புறம் தான் எல்லாருக்குமான பங்கு ஆச்சு. அங்க முதல் தடவை தமிழ்ல பூசை கேட்டப்ப தொண்டை அடைச்சுது, அதை விடுங்க.

தமிழ்ப் பாடற்குழுன்னா (எந்தக் கோயில்னு சொல்லல, வம்பு வேணாம்) சண்டை வேற தினுசு. இங்கயே பொறந்து வளர்ந்த சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்க பழைய பாட்டை அப்படியே பத்திரமா வச்சிருக்காங்க, அவங்க தாத்தா கொண்டு வந்த மெட்டு, வேகம் கூட மாறல. எங்களை மாதிரி இப்ப ஊர்ல இருந்து வந்தவங்க தான் போன மாசம் வந்த புதுப் பாட்டு, கீபோர்டுல ரிதம் எல்லாம் எடுத்துட்டு வர்றோம். ஒரு ஆன்ட்டி என்கிட்ட நேராவே சொன்னாங்க, "தம்பி, இதெல்லாம் சினிமாப் பாட்டு மாதிரி இருக்குப்பா, கோயில்ல ஆடச் சொல்றீங்களா?" இங்க வந்து நான் மாடர்ன் பார்ட்டி ஆயிட்டேன், பாருங்க. ஊர்ல மறந்து போன ரெண்டு மூணு பாட்டை அந்த ஆன்ட்டிகிட்ட தான் நான் கத்துக்கிட்டேன்.

மக கதை இன்னும் வேற. மறைக்கல்வி வகுப்பு இங்கிலீஷ்ல, முதல் தடவை நற்கருணை வாங்குற புதுநன்மைக்குத் தயாராகுறது இங்கிலீஷ்ல, சிலுவை போடுறதே அவளுக்கு இங்கிலீஷ்ல தான் முதல்ல வருது. யூத் மாஸ் கிட்டார் தான் அவளுக்குக் கோயில். தமிழ்ப் பூசைக்குக் கூட்டிட்டுப் போனா பதில் ஜெபம் தெரியாம என் முகத்தைப் பாக்குறா, எனக்கும் அது வலிக்குது, என் வீட்டுக்காரிக்கு அதை விட அதிகமா வலிக்குது, அவ ஒவ்வொரு வாரமும் லூர்துக்கே போகணும்ங்கிறா. எனக்கு அது சரின்னு படல, மகளோட கூட்டாளிங்க எல்லாம் பக்கத்துக் கோயில்ல இருக்கும்போது புள்ளையப் பிரிச்சா கோயிலே வேணாம்னு சொல்லிடும். இப்போதைக்கு மாசத்துல முதல் ஞாயிறு தமிழ், மத்த வாரம் பக்கத்துக் கோயில், சனிக்கிழமை முடிஞ்சா நொவீனா.

இந்த நேரத்துல தான் பக்கத்துக் கோயில்ல பங்குத் திருவிழா வருது, எல்லா மொழியிலயும் ஒரு பாட்டு வேணும், காணிக்கை நேரத்துக்குத் தமிழ்ப் பாட்டு உங்க பொறுப்புன்னு எங்க தலையில போட்டாங்க. கமிட்டி அனுப்பின லிஸ்ட்டுல பாட்டு பேரு பக்கத்துல ட்ரெடிஷனலா கன்டெம்பரரியான்னு ஒரு கட்டம் இருந்துச்சு, நான் அதைக் காலியா விட்டு அனுப்பிட்டேன், யாரும் கேக்கல. பாட்டு ஆன்ட்டி சொன்னது தான். தபலா ஒருத்தர்கிட்ட இரவல் வாங்கியாச்சு. மக சிங்கி தட்டுறேன்னு நிக்கிறா. வேகம் அதிகமா இருக்குன்னு ஆன்ட்டி போன வியாழன் ப்ராக்டிஸ்லயும் சொல்லிட்டுத் தான் போனாங்க, இந்த வியாழன் ராத்திரி திரும்ப வர்றாங்க.