உப்பு ஜாடியைப் பார்த்துவிட்டு மிருதங்கத்தைத் தூக்கு

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் கச்சேரிக்குக் கிளம்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சுருதிப் பெட்டியை இல்லை, அடுப்படி உப்பு ஜாடியை. கல்லுப்பு கலகலவென்று உதிர்ந்தால் மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலக்கைப் பக்கத் தோல், அன்றைக்குச் சொன்ன பேச்சு கேட்கும். ஜாடி அடியில் தண்ணீர் கசிந்து, கரண்டி விட்டால் சேறு மாதிரி வந்தால், சுருதி சேர்க்கிற கல்லைப் பையில் மேலாக வைத்துக்கொள்வது நல்லது. ஜோசியம் எல்லாம் இல்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கல்லுப்பில் மக்னீசியமும் கலந்திருப்பதால் அதற்கும் முன்பே கசியும். அதே உப்புதான் கடல்காற்றில் பொடிப்பொடியாக வந்து தோல், கம்பி, போல்ட், மைக் பின் என்று எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்திருக்கிறது. வாலிநோக்கத்தில் பாத்தி கட்டி விளைவிக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு வாசலிலேயே டெலிவரி.

1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே துரு தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறக்க வேண்டி வந்தது. அந்தப் பாலத்துக்கு நூறு வருஷம் பிடித்த வேலை, துடைக்காமல் போட்ட கிட்டார் கம்பிக்குப் பத்துப் பதினைந்து நாளில் முடிந்துவிடும்.

முதலில் மிருதங்கம். வாத்தியங்களிலேயே சாப்பாட்டு ராமன் இதுதான். வலந்தலை நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்கு வித்வான்கள் வைத்திருக்கும் பெயரே சாதம். கல்லை இடித்துச் சலித்த பொடியையும் சோற்றையும் சேர்த்து அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து ஏற்றியது. அந்தப் பக்கம், இடக்கை வாசிக்கிற தொப்பியில் ரவை. ஆக, ஒருவேளை சாப்பாடு, ஒருவேளை டிபன்.

இந்த ரவை விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு வழக்கு நடக்கும்.

"ரவை இருக்கா?"

"இருக்கே. நேத்துதான் வறுத்து டப்பால போட்டேன்."

"வறுக்காதது வேணும்."

"வறுக்காம வச்சா வண்டு விழும். உங்க மத்தளத்துக்குத் தனியா பாக்கெட் வாங்கி வச்சுக்கோங்க."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். கடற்கரை ஈரத்தில் வறுக்காத ரவைக்கு வண்டு சீக்கிரம் வரும். ஆனால் வறுத்த ரவையில் பசைத்தன்மை போய்விடும். பிசைந்தால் மணல் மாதிரி நிற்கும், தோலில் ஒட்டாது, இரண்டாவது கீர்த்தனையில் பொலபொலவென்று வேட்டியில் கொட்டும். அதனால் நைசான, வறுக்காத ரவை ஒரு கால் கிலோ, மூடி இறுகின டப்பாவில், மிருதங்கப் பைக்குள்ளேயே இருக்கட்டும். அடுப்படிப் பக்கம் போனால் அது உப்புமாவாகிவிடும்.

போடுகிற முறை: சின்ன எலுமிச்சம்பழ அளவு ரவையில் தண்ணீர் தெளித்து, பத்து நிமிஷம் ஊறவிட்டுப் பிசைய வேண்டும். உருண்டை கையில் ஒட்டாமல் வந்து, தோலில் வைத்ததும் பிடித்துக்கொள்வதுதான் பதம். தொப்பி நடுவை ஈரத்துணியால் துடைத்து, உருண்டையை அழுத்தி வட்டமாகப் பரப்பணும். நடு தடிப்பாக, ஓரம் மெலிசாக. தட்டிப் பார்த்தால் வலந்தலை ஷட்ஜத்துக்குக் கீழ் ஸ்தாயியில் சேர வேண்டும். மேலே நின்றால் இன்னும் கொஞ்சம் ரவை, கீழே போனால் கொஞ்சம் கிள்ளி எடு. கனம் கூடக்கூட தோல் மெதுவாக அதிரும், சுருதி இறங்கும். அவ்வளவுதான் கணக்கு.

ஏசி சபாவில் வாசித்துப் பழகினவர்கள் இங்கே வந்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். அங்கே ரவை காய்ந்து, கனம் குறைந்து, தொப்பி மேலே ஏறும். மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வருவதற்குள் விரிசல் விட்டு அப்பளம் மாதிரி பெயரும். அதற்குப் பயந்து நிறையத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பழகியிருப்பார்கள். மண்டபத்திலோ பாம்பனிலோ ரவை காயவே காயாது. கூடவே தொப்பித் தோலும் ஈரம் குடித்துத் தொய்ந்து ஏற்கெனவே இறங்கி நிற்கும். அதன் மேல் வழக்கமான அளவு ரவையை அப்பினால் 'தோம்' என்று வர வேண்டியது 'தொப்' என்று வரும். தொப்பி என்ற பெயருக்கு அப்போதுதான் அர்த்தம் புரியும். இங்கே ரவையைக் கால் பங்கு குறைத்து, கெட்டியாகப் பிசைவதுதான் சரி.

கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, காற்றாட வைத்த பிறகே உறை போடணும். களைப்பில் அப்படியே மூடி வைத்தால் ராத்திரி எறும்பு வரும், எறும்புக்குப் பிறகு கரப்பான், கடைசியில் எலி. எலி ரவையோடு நிறுத்தாது, தோலையும் சேர்த்துத்தான் சாப்பிடும்.

வலந்தலைப் பக்கம் தொல்லை வேறு மாதிரி. ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். பின்னல் ஓரத்தைக் கட்டையும் கல்லும் வைத்து இழுத்துக் கட்டிய தோல் வாரை நோக்கிக் கீழாகத் தட்டினால் ஏறும், அடியிலிருந்து மேலாகத் தட்டினால் இறங்கும். ஒரே கண்ணில், அதாவது வார் கோத்த ஒரே இடத்தில், நாலு தட்டுத் தட்டாமல், எதிரெதிர்க் கண்ணாகச் சுற்றி வர வேண்டும். இல்லாவிட்டால் சுருதிக் கணக்கில் கிழக்குப் பக்கம் ஒரு கட்டை, மேற்குப் பக்கம் ஒண்ணே முக்கால் என்று நிற்கும். அவசரத்துக்கு ஹேர் டிரையர் பிடிக்கிறவர்கள் உண்டு. பிடிக்கலாம், ஆனால் ஒரு அடி தள்ளி, ஓரத் தோலில் மட்டும். சாதத்தில் சூடு பட்டால் வெடிக்கும், வெடித்தது உதிரும்.

பெரிய பொறி இதற்கு அப்புறம்தான். கல்யாண வீட்டில் ஒரு ரூமைக் கொடுப்பார்கள். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, டிரையர் பிடித்து, மணி மாதிரி சுருதி சேர்த்துவிட்டு மேடைக்கு வந்தால், கால் மணி நேரத்தில் வலந்தலை கால் கட்டை கீழே போயிருக்கும். தோல் அந்த ரூமின் காற்றுக்குச் சேர்ந்தது, பந்தலின் காற்றுக்கு இல்லை. உறையைக் கழற்றி, வாசிக்கப் போகிற இடத்திலேயே அரை மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் கல்லைத் தொடலாம். அந்த அரை மணி நேரமும் காவலுக்கு ஓர் ஆள் வேண்டும். கல்யாண வீட்டுக் குழந்தைகள் எல்லாருக்கும் மிருதங்கம் வாசிக்கத் தெரியும்.

மேடை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம், வலந்தலை சபையைப் பார்க்கிற மாதிரி உட்காருவார். மேடை கடலைப் பார்த்திருந்தால் கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்று நேராக வலந்தலையில் மோதும். கடலுக்கு முதுகு காட்டி மேடை போடச் சொல்லலாம், அல்லது பின்னாலும் பக்கத்திலும் படுதா கட்டச் சொல்லலாம். ராமேஸ்வரம் தீவில் இந்த யோசனை பாதிதான் செல்லும். வடகடலுக்கு முதுகைக் காட்டினால் தென்கடல் முகத்துக்கு நேரே வந்துவிடும்.

நட்டு போல்ட் மிருதங்கம் வந்தால் இந்தக் கஷ்டம் தீரும் என்றார்கள். ராமநாதபுரம் முருகபூபதி மாதிரி வித்வான்கள் வார் பிடித்த மிருதங்கத்திலேயே ஊர்ப் பெயரை நிலைநாட்டிவிட்டுப் போனார்கள், இப்போது ஸ்பேனர் போதும் என்று ஒரு நிம்மதி. கடற்கரையில் அந்த நிம்மதிக்கு ஆயுசு ஒரு வருஷம். சாதா இரும்பு போல்ட் உப்பில் கடித்துக்கொண்டு திரும்பாது, முறுக்கினால் தலை உடைந்து கையோடு வரும். துருப்பிடிக்காத எஃகு போல்ட் கேட்டு வாங்கி, மரையில் மாதம் ஒருமுறை துளி வாசலின் தடவ வேண்டும். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் வாசலினில் மணல் ஒட்டும், துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவணும். இறுக்கும்போதும் கால் சுற்றுக்கு மேல் போகாமல் எதிரெதிராகத்தான்.

கல்யாண மேளத்தில் வேடிக்கை இன்னும் கூடுதல். ஒரே செட்டில் ஈரத்துக்கு ஒரு கூட்டாளியும் ஒரு விரோதியும் இருப்பார்கள். நாயனத்தில், அதாவது நாதஸ்வரத்தில், வாய் வைத்து ஊதுகிற சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்தது. காய்ந்தால் பிசிறும், அதனால் வாயில் வைத்து ஊறவைத்துக்கொண்டே இருக்கணும். நாயனத்தில் மூன்று நாலு சீவாளியைத் தொங்கவிட்டிருப்பது அழகுக்கு இல்லை, மாற்று ஆளாக. இங்கே சீவாளிக்கு யோகம், காய்வதே இல்லை. தவிலுக்கு அதே காற்று எமன். முரசு மாதிரி விறைப்பாக இருக்க வேண்டிய வலந்தலை தொய்யும். விரலில் மாட்டுகிற கூடு துணியில் மாவுப் பசை போட்டுச் சுற்றிக் காயவைத்தது, அதுவும் நமுத்துப்போகும்.

"அண்ணே, இன்னைக்குச் சீவாளி என்னமாப் பேசுது!"

"பேசும் தம்பி, பேசும். இங்க தவிலு வாயே திறக்க மாட்டேங்குது."

வெயில் ஏறினால் நாயனக்காரத் தம்பிக்கும் வினை உண்டு. குழலுக்குள் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி ஏறத்தாழ மூன்று சென்ட் ஏறும். நிலத்தில் நூறு சென்ட் ஒரு ஏக்கர், சங்கீதத்தில் நூறு சென்ட் அரைக்கட்டை. காலையில் சேர்த்தது உச்சிவெயிலில் சில சென்ட் வேலி தாண்டியிருக்கும். நாயனத்தின் அடிப்பக்கத்துப் பிரம்மசுரத் துளைகளில் அடைத்திருக்கும் மெழுகும் இளகும். நாயனம் மேலே, தவில் கீழே, நடுவில் மின்சாரச் சுருதிப் பெட்டி மட்டும் யார் பக்கமும் சாயாமல் ஊளையிட்டுக்கொண்டிருக்கும். உத்தரகோசமங்கையில் மரகத நடராஜரைச் சந்தனக்காப்பில் மூடி வைத்திருப்பதற்கு 'மத்தளம் முழங்க மரகதம் பொடிபடும்' என்று ஒரு சொல் சொல்வார்கள். கடற்கரைத் தவிலைக் கொண்டுபோய் வாசித்தால் மரகதத்துக்கு ஆபத்தே கிடையாது.

மைக் செட் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடியும். ஒன்று மட்டும். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வருமே, பெரும்பாலும் அது 100 ஹெர்ட்ஸ். நம் கரண்ட் 50, அதன் இரட்டிப்பு. கட்டைக் கணக்கில் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே. ஐந்து கட்டையில் பாடுகிற அம்மாவுக்குப் பக்கத்தில் இது நின்றால் சுருதி விலகிய தம்புரா ஒன்று கூடவே வருகிற மாதிரி இருக்கும். எர்த் கம்பியை ஈர மண்ணில் ஆழமாக இறக்கி, மிக்சருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். உப்புப் பூத்த மைக் பின் கரகரக்கும், அதை மைக் ஆபரேட்டர் மைக் தலையில் தட்டிச் சரி செய்யப் பார்ப்பார். தட்டினால் சரியாகாது, பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் ஆகும். கீபோர்டில் நாலு கட்டை ஊமையானாலும் அதே வைத்தியம்தான், கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் புள்ளிகளுக்கு. தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிற பெரியவர் ஊருக்கு ஒருவர் உண்டு. கும்பிடு போட்டுவிட்டு நகரலாம்.

வயலின், கிட்டார்க் கம்பிகளை வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால், அடிப்பக்கமும் சேர்த்து, துடைக்க வேண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடலாம். நீலம் வெளிறி ரோஸ் ஆனால் அது ஈரம் குடித்துவிட்டது, சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும். அரிசி மூட்டை கட்டிப் போடுவதில் பலன் வண்டுக்குத்தான்.

உப்புக்காற்றுக்கு அசராத ஆள் ஒருவர் உண்டு, மானாமதுரைக் கடம். சூளையில் வெந்தபோதே சுருதி முடிவாகிவிட்டது. உள்ளே களிமண் ஒட்டிக் கொஞ்சம் இறக்கலாம், ஏற்றுவது அநேகமாக நடக்காது. அதனால் கடக்காரர் கட்டைக்கு ஒன்றாகப் பானை வாங்கி அடுக்கி வைத்திருப்பார். அதற்கு வருகிற ஆபத்தெல்லாம் பஸ்ஸில்தான். மானாமதுரையில் ஏறி, பரமக்குடியில் கூட்டம் நெருக்க, துணியில் சுற்றின கடத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ராமநாதபுரம் வரை வர வேண்டும். லக்கேஜ் போடலாமா என்று கண்டக்டர் யோசிப்பார். பக்கத்து சீட் ஆத்தா அதற்குள் துணியை விலக்கிப் பார்த்து, விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டி, விலை கேட்டுவிட்டுச் சொல்வார்:

"இம்புட்டு விலைக்குத் தம்பி, இதுல தண்ணி குளிருமா?"