நாய் மனதுக்குப் பிடித்துப்போவதற்கு முன்னால் உயரத்தை அளந்துவிடுங்கள்

மல்லி எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. இப்போதுதான் இதை எழுத மனம் வந்தது, ஏனென்றால் மல்லிக்கு முன்னால் டோபி இருந்தான். சிங்கப்பூரில் வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், இருந்துகொண்டு காப்பகத்து நாயை எடுத்து வளர்க்க நினைப்பவர்கள் அவன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று நாம் சொல்லும் கலப்பின நாய்களை வீவக வீட்டில் வளர்க்க 2012இல் புராஜெக்ட் அடோர் திட்டம் வந்தது, 2020இல் எடை வரம்பை எடுத்துவிட்டு உயர வரம்பை 50லிருந்து 55 சென்டிமீட்டராக ஆக்கினார்கள், இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனோம். காப்பகத்துக்குப் போன் செய்து டோபியைப் பற்றிக் கேட்டபோதும் "வீவக வீட்டுக்குச் சரியான நாய்தான்" என்றார்கள். கார் இல்லாமல் சுவா சூ காங்கில் இறங்கி, பேருந்துக்குக் காத்திருந்து, காப்பகம் இருக்கும் சுங்கை தெங்கா போய்ச் சேரவே பாதி நாள் போய்விடும். இரண்டு சனிக்கிழமை அப்படிப் போனோம். இரண்டாவது வாரம் என் மகள் குரல் கேட்டதுமே டோபி கம்பிக்கதவில் முன்னங்கால்களை வைத்து எழுந்து நின்றுவிட்டான்.

மூன்றாவது தடவை கையெழுத்துப் போடப் போனபோது வேறொரு தொண்டூழியர் டேப்பை எடுத்து அளந்தார். 57. மறுபடி அளந்தார், அதே 57. அவனைக் கடைசியாக அளந்தது ஆறு மாதக் குட்டியாக இருந்தபோதாம், இப்போது அவனுக்குப் பதினொரு மாதம். நடுவில் யாருக்கும் அளந்து பார்க்கத் தோன்றவில்லை. தொண்டூழியர்கள் வேலை முடிந்து வந்து உழைக்கிறவர்கள், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் திரும்பும் வழியெல்லாம் அழுத பிள்ளையை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

அதனால் ஒரு வயதுக்குட்பட்ட நாய் என்றால் முதல் நாளே "எப்போது அளந்தீர்கள்?" என்று கேளுங்கள். தரையிலிருந்து தோள்பட்டை மேடு வரைதான் கணக்கு, தலை வரை இல்லை. டேப்பை நீங்களே கொண்டுபோனாலும் தப்பில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் மல்லி. நான்கு வயது, 49 சென்டிமீட்டர், கருத்தடை செய்த அடையாளமாக ஒரு காதின் நுனி வெட்டியிருக்கும், ஆளைக் கண்டால் மூலைக்குப் போய்விடுவாள். அதனாலேயே யாரும் கேட்காமல் இருந்தாள். காப்பகத்திலிருந்து வீட்டைப் பார்க்க வந்தவர்கள், வாசல் கேட் கம்பி இடைவெளியில் நாய் நுழைந்துவிடும், வலை அடித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்கள். அவர்கள் வரும் முன்பே கேட்டுக்கும் ஜன்னலுக்கும் வலை அடித்துவிடுங்கள், இரண்டு வாரம் மிச்சமாகும்.

அப்புறம் உரிமம். முதல்முறை நாய் வளர்ப்பவர்களுக்கான இணையப் பாடம் இலவசம், ஒரே மாலையில் முடித்துவிட்டேன். கட்டணமும் பெரிதில்லை, கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாவிட்டால் 90. மாட்டியது மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) எண்ணில். காப்பகம் தந்த தாளில் 15 இலக்கங்களில் ஒன்று தவறு. மூன்று நாள் குழம்பி, கடைசியில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போய் ஸ்கேன் செய்தபோதுதான் தெரிந்தது. நாயை வாங்கும்போதே உங்கள் கண்முன் ஸ்கேன் செய்யச் சொல்லி, தாளோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுவிடுங்கள்.

நாங்கள் சரியாகச் செய்த ஒரு காரியம், மல்லி வருவதற்கு முன்பே எதிர்வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) போய்ச் சொன்னது. லிஃப்டில் மட்டும் சேர்ந்து வர வேண்டாமே என்றார், அவ்வளவுதான். அவர் நின்றால் நாங்கள் அடுத்த லிஃப்டில் போகிறோம். போன வாரம் அவரே "இன்று மல்லி வாக்கிங் போகலையா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழ்ப்படிதல் பயிற்சியில் மல்லி இன்னும் 'உட்கார்' வரைதான் வந்திருக்கிறாள், ஆனால் மூலையை விட்டு சோபாவுக்கு அடியில் வந்துவிட்டாள், நேற்று மகளின் கையிலிருந்தே சாப்பிட்டாள்.

டோபி இன்னும் அங்கேதான் இருக்கிறான். தனியார் கொண்டோவிலும் தரைவீட்டிலும் இருப்பவர்களுக்கு இந்த 55 கணக்கு கிடையாது. பழுப்பு நிறம், வலது முன்னங்காலில் மட்டும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். குழந்தைகள் என்றால் உயிர். யாராவது போய்ப் பாருங்களேன்.