பன்றி இல்லாத பார்பெக்யூ

நார்த் கரோலைனாவில் பார்பெக்யூ என்றால் பன்றிதான். மாட்டு நெஞ்சுக்கறியை விடிய விடியப் புகையில் போட்டு வைப்பது டெக்சஸ்காரர்கள் சமாச்சாரம். இங்கே அந்தப் பேச்சை எடுத்தால் மரியாதைக்குச் சிரித்து வைப்பார்கள். மாநிலத்துக்குள்ளேயே இரண்டு கட்சி வேறு. கிழக்குக் கட்சி முழுப் பன்றியையும் சுட்டு, வினிகரும் மிளகாயும் கலந்த தண்ணிச் சாஸை அதன்மேல் ஊற்றும். தக்காளிக்கு அங்கே அனுமதி கிடையாது. மேற்குக் கட்சிக்குத் தலைநகர் லெக்சிங்டன். தோள்கறி மட்டும், சாஸில் கொஞ்சம் கெச்சப். 1984இலிருந்து அக்டோபர் மாதத்தில் அந்த ஊரில் இதற்கென்றே திருவிழா நடக்கிறது. நாங்கள் இருக்கும் கேரி, ராலேயை ஒட்டி இருப்பதால் வினிகர்க் கட்சியின் வாடைதான் அதிகம்.

இப்பேர்ப்பட்ட ஊரில் என் பெரிய மகள் வீகன் ஆகிவிட்டாள். அதாவது கறி, முட்டை மட்டுமல்ல, பால், தேன் எதையும் தொடமாட்டாள்.

எங்களுடையது ஏற்கெனவே சைவச் சாப்பாட்டு வீடு. கறி போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. போனது தயிர்! வாரநாள் ராத்திரிச் சமையல் என் பொறுப்பு, மனைவிக்கு மருத்துவமனையில் மாலை ஷிஃப்ட். வேலை முடிந்து நிமிரும்போது மணி ஆறரை ஆகியிருக்கும், ஏழரைக்குள் தட்டு வந்தாக வேண்டும். ஒன்றும் தோன்றாத நாளில் தயிர் சாதமும் மாவடுவும் என்று ஒரு கடைசி அஸ்திரம் வைத்திருந்தேன். அது செல்லாது என்றானபின், பனீர், மோர்க்குழம்பு, நெய் தோசை என்று ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. மிஞ்சியது பருப்பும் பயறும். அதைத் தினமும் சாம்பாராகவே வைத்தால் பதினாறு வயசுப் பெண் எத்தனை நாள் சாப்பிடும்?

பள்ளி பேண்டு குழுவுக்காகப் பெற்றோர்கள் ஒரு பார்பெக்யூ விருந்து வைத்தார்கள். மேஜை நிறையப் பதார்த்தம், இவளுக்கு மட்டும் ஒன்றும் தேறவில்லை. பேக்டு பீன்ஸில் பேக்கன். பச்சை பீன்ஸில் ஹாம். இரண்டும் பன்றிதான். ஹஷ்பப்பி என்கிற சோள மாவு உருண்டையில் மோரும் முட்டையும். கோல்ஸ்லாவில் மயோனைஸ். வெள்ளரி ஊறுகாயும் ஐஸ் டீயும் சாப்பிட்டுவிட்டு வந்தவள் காரில் சொன்னாள்: "எனக்கு அந்தப் பன்னி வேண்டாம்ப்பா. அந்த வாசனை மட்டும் வேணும்."

நியாயமான கோரிக்கை. அந்த வாசனையைப் பிரித்துப் பார்த்தால் விறகுப் புகை, வினிகர், லேசாகக் கருகிய சர்க்கரை, மிளகாய், பூண்டு, கடுகு. இதில் எதுவும் பன்றியிடமிருந்து வந்ததில்லை. கறி இதையெல்லாம் ஏந்திக்கொள்கிற பாத்திரம், அவ்வளவுதான். அந்த வேலையை பீன்ஸ் பார்க்குமா என்பதுதான் கேள்வி. பார்க்கும். ஆனால் பெரும்பாலான குறிப்புகளில் சொல்வதுபோல் பீன்ஸில் சாஸை ஊற்றிக் கொதிக்கவிட்டால் பார்க்காது. அப்படிச் செய்தால் கிடைப்பது இனிப்பான கூழ்.

முதலில் சாஸ். கடையில் விற்கிற பாட்டில்களை நான் வாங்குவதில்லை. பாதிக்குமேல் சர்க்கரை சிரப்தான், சிலதில் தேன் இருக்கும், சிலதில் வூஸ்டர்ஷர் சாஸ் இருக்கும். தேன் வீகனுக்கு ஆகாது. வூஸ்டர்ஷரில் என்ன தப்பு என்று லீ அண்ட் பெரின்ஸ் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். லேபிளில் நெத்திலி இருந்தது, கூடவே புளியும் இருந்தது! நெத்திலிக்கு மாற்றாக சோயா சாஸ் போதும். உப்பும் அந்த அடிநாக்கு ருசியும் அதிலேயே வந்துவிடும். புளி நம் வீட்டில் எப்போதும் இருப்பது.

ஆக, என் கணக்கு இது. தக்காளி பேஸ்ட் மூன்று மேஜைக்கரண்டி, ஆப்பிள் சைடர் வினிகர் கால் கப், தண்ணீர் அரை கப். பொடித்த வெல்லம் இரண்டரை மேஜைக்கரண்டி, சோயா சாஸ் ஒன்று, கெட்டிப் புளிக்கரைசல் ஒரு தேக்கரண்டி. புகையூட்டிய பாப்ரிகா தாராளமாக இரண்டு தேக்கரண்டி. பூண்டுப் பொடி ஒன்று, கடுகுப் பொடியும் மிளகுத்தூளும் அரை அரை, சில்லி ஃபிளேக்ஸ் உங்கள் வீட்டு நாக்கைப் பொறுத்து. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் அடித்து வைத்துக்கொள்கிறேன், தனியாகக் காய்ச்சுவதில்லை. சட்டியிலேயே சுண்டிவிடும். வெல்லம் ஏன் என்றால், அமெரிக்காவில் கரும்புச் சர்க்கரையைச் சுத்திகரிக்கச் சில ஆலைகள் எலும்புக்கரியைப் பயன்படுத்துகின்றன. மகள் அதைக் கண்டுபிடித்துவந்து சொன்ன அன்றைக்கே வெள்ளைச் சர்க்கரை டப்பா மேல் அலமாரிக்குப் போய்விட்டது. வெல்லத்தில் அந்த வம்பு இல்லை, மொலாசஸ் என்கிற கரும்புக் கசண்டுப் பாகின் கருத்த ருசியும் கொஞ்சம் கிடைக்கிறது.

மாமியார் ஆறு மாத விசாவில் திருச்சியிலிருந்து வந்திருந்தபோது, இந்தச் சாஸ் சுண்டுகிற சமயத்தில் கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது நம்ம புளிக்காய்ச்சல்தானே மாப்ள? நல்லெண்ணெயும் வெந்தயமும்தான் இல்ல" என்றார். மறுநாள் நான் வேலையில் இருந்தபோது வெந்தயப்பொடியை அவரே ஒரு சிட்டிகை சேர்த்தும்விட்டார். நன்றாகவே இருந்தது. அதிலிருந்து அது நிரந்தரமாகிவிட்டது.

புகைக்கு இரண்டு வழி. ஒன்று ஸ்மோக்டு பாப்ரிகா. ஸ்பெயினில் லா வேரா பகுதியில் பழுத்த மிளகாயை ஓக் விறகுப் புகையில் நாள்கணக்கில் காயவைத்து அரைப்பார்கள். டப்பாவைத் திறந்தாலே விறகடுப்பு வாசம். சாதாரண பாப்ரிகாவை வாங்கிவிட்டால் நிறம் வரும், வாசம் வராது, பெயரைப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று லிக்விட் ஸ்மோக். கெமிக்கல் என்று பலர் முகம் சுளிக்கிறார்கள், தேவையில்லை. ஹிக்கரி விறகை எரித்து, அந்தப் புகையைக் குளிரவைத்துத் திரவமாக்கி வடிகட்டியது அது. 1895இல் கான்சஸ் சிட்டியில் எர்னஸ்ட் ரைட் என்பவர் இதைப் பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தார். நான்கு பேர் சாப்பாட்டுக்குக் கால் தேக்கரண்டி போதும். அரைத் தேக்கரண்டிக்குப் போனால் தீப்பிடித்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்த கதைதான்.

இனி பீன்ஸ். கறுப்பு பீன்ஸ், பின்ட்டோ, ராஜ்மா, நேவி பீன்ஸ், நாம் பொரியல் பண்ணுகிற பச்சை பீன்ஸ் எல்லாம் ஒரே செடியினம் என்பது எனக்கு இங்கே வந்தபிறகுதான் தெரியும். எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, மிளகாயும் தக்காளியும் சோளமும்போல. இந்த வேலைக்கு என் ஓட்டு ஒரு கேன் கறுப்பு பீன்ஸ், ஒரு கேன் பின்ட்டோ. கறுப்பின் தோல் கெட்டி, வறுத்தாலும் உருவம் மாறாது. பின்ட்டோ கொஞ்சம் உடைந்து மாவாகி சாஸைப் பிடித்துக்கொள்ளும். ராஜ்மா பருமன், உள்ளே சப்பென்றே இருக்கும். கொண்டைக்கடலைக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன, இதில் அதை இழுக்க வேண்டாம்.

ஒரு கேன் 15 அவுன்ஸ், அதாவது 425 கிராம். வடிகட்டிக் குழாயடியில் நன்றாக அலசினால் உப்பு சுமார் 40 சதவீதம் வரை குறையும். அலசியபின் செய்கிற காரியம்தான் முக்கியம்: ஒரு பழைய பருத்தித் துண்டில் பரப்பி, இன்னொரு துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் போகவிடுங்கள். ஈரம் இருக்கும்வரை பீன்ஸின் மேல்தோல் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பழுப்பேற அதைவிட வெகுவாகச் சூடு வேண்டும். அவசரத்தில் சொட்டச் சொட்டச் சட்டியில் போட்டால் வெந்ததே மறுபடி வேகும், வறுபடாது.

இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய் விட்டு பீன்ஸைப் பரப்புங்கள். கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். கிளறும் கை சும்மா இருக்காது, தெரியும், இருந்தாலும் மூன்று நிமிஷம் தொடாதீர்கள். பட் பட்டென்று ஒன்றிரண்டு வெடிக்கும். கறுப்பு பீன்ஸின் தோல் கீறி, உள்ளேயிருக்கும் சாம்பல் கலந்த வெண்மை எட்டிப் பார்க்கும். பின்ட்டோவின் அடிப்பக்கம் முறுகி நிற்கும். அப்போது ஒரு பிரட்டு, இன்னும் இரண்டு நிமிஷம். அந்த வெடிப்புகள் வழியாகத்தான் சாஸ் உள்ளே போகப்போகிறது. ஓரமாக இடம் ஒதுக்கி ஒரு பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் நறுக்கிப் போட்டு, விளிம்பு கருகும்வரை வதக்குவேன்.

இப்போது சாஸ். கிண்ணத்தைச் சாய்த்ததும் வினிகர் ஆவி குப்பென்று மூக்கில் ஏறும். எக்ஸாஸ்ட் ஃபேனை முன்கூட்டியே போட்டுவிட்டு முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பொடிப்பொடியாக நுரைக்கும். தண்ணீர் வற்ற வற்றக் குமிழி பெரிதாகி, சோம்பலாக வெடிக்க ஆரம்பிக்கும். கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் அந்தத் தடம் மூடாமல் ஒரு நொடி நிற்க வேண்டும். அதற்கும் பிறகு ஒரு நிமிஷம் விடுங்கள். வெல்லம் அடியில் பிடித்து, விளிம்பில் கருஞ்சிவப்பாக ஒட்டும். அதைச் சுரண்டிப் பிரட்டியதும் அந்த வாசனை வந்துவிடும். மாடியிலிருந்து மகள் இறங்கி வருவது அந்தச் சுரண்டல் சத்தத்துக்குத்தான்.

காய்ந்த பீன்ஸை ஊறவைத்துச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை குக்கரில் வேகவைத்து ஃபிரீசரில் பைபையாகப் போட்டு வைப்பது சிக்கனம்தான், ஆனால் முழுதாக வெந்த பிறகுதான் புளிப்பு பக்கத்தில் வரவேண்டும். வினிகரோ தக்காளியோ புளியோ முன்னாலேயே சேர்ந்தால் தோல் இறுகி, விசில் மேல் விசில் விட்டாலும் நறுக்கென்றே இருக்கும். பாஸ்டன் பேக்டு பீன்ஸ் மணிக்கணக்கில் அடுப்பில் கிடந்தும் குழையாமலிருப்பது இதே காரணத்தால்தான். அதில் ஊற்றுகிற மொலாசஸ் பீன்ஸைக் கரையவிடாது. இன்னொன்று, ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடாதீர்கள். அதிலுள்ள லெக்டின் என்கிற நச்சுப் புரதம் குறைந்த சூட்டில் அழியாது, வயிற்றை ஒரு வழி பண்ணிவிடும். தளதளவென்று கொதித்தாக வேண்டும். கேனில் வருவது ஏற்கெனவே வெந்தது, அந்தப் பயம் இல்லை.

இந்த பீன்ஸை ஒரு சாப்பாட்டுக் கிண்ணமாகத்தான் பரிமாறுகிறேன். அதில் மற்றதெல்லாம் சுலபம். சாதம், முந்தின நாளுடையது என்றால் இன்னும் உத்தமம். சாமை அரிசியும் பொருந்துகிறது. அதன்மேல் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அமெரிக்காவிலேயே அதிகம் விளைவது இந்த மாநிலத்தில்தான், 1995இலிருந்து மாநிலக் காய்கறி என்ற பட்டமும் அதற்கு உண்டு. தோலோடு கட்டை விரல் நுனியளவு துண்டுகளாக்கி, உப்பும் எண்ணெயும் பிரட்டி ஏர் ஃபிரையரில் 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பதினைந்து நிமிஷம். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை அதுதான். கிழங்கு வேகிற நேரத்தில் பீன்ஸ் முடிந்துவிடும்.

கடைசியாக ஸ்லா. முட்டைகோஸை மெல்லிசாகச் சீவி, வினிகர், உப்பு, ஒரு சிட்டிகை வெல்லம், மிளகு போட்டுக் கையால் பிசறினால் பத்து நிமிஷத்தில் தளர்ந்து நீர்விடும். மயோனைஸ் இல்லாத இந்த வகை இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. லெக்சிங்டன் பக்கத்துச் சிவப்பு ஸ்லாவிலும் மயோனைஸ் கிடையாது, கெச்சப்பும் வினிகரும்தான். கிண்ணத்தில் இது இல்லாவிட்டால் இனிப்பும் மாவும் சேர்ந்து நாலாவது வாயில் திகட்டும். நேரமில்லை என்றால் கிழங்கை விட்டுவிடுங்கள், ஸ்லாவை விடாதீர்கள். வெண்ணெய்ப்பழம், கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் இருந்தால் போடுங்கள். முந்திரியை வெந்நீரில் ஊறவைத்துப் பூண்டும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்த சாஸை மேலே கோடு கோடாக ஊற்றச் சொல்கிறவர்களும் உண்டு. வாரநாளில் எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

புரதம் போதுமா என்று மனைவி கேட்டாள், நர்ஸ் ஆயிற்றே. ஒரு கேனில் 20 கிராமுக்குச் சற்று மேலேயே இருக்கிறது, சோறும் சேரும்போது கவலையில்லை. பி12 மட்டும் இதிலெல்லாம் கிடையாது, அதற்கு மாத்திரைதான்.

மிச்சம் விழுந்தால் மறுநாளைக்கு பீன்ஸ் இன்னும் இறுகி, டப்பாவோடு கெட்டியாகி நிற்கும். இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு இளக்கி டோர்ட்டியாவில் சுருட்டினால் மதியச் சாப்பாடு. சின்னவன் தோசைக்குள் மசாலாவாக வைத்துக் கேட்கிறான், மேலே சீஸ் தூவி. அக்காக்காரி முறைப்பாள். இரண்டு பேருக்கும் தோசைக்கரண்டி தனித்தனி.