58 வயதில் தொடங்கிய வேலை

ஜூலை 4

நாளை அம்மாவுக்கு வலக் கண்ணில் புரை அறுவைச் சிகிச்சை. மாலையிலேயே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்துவிட்டோம். வழியெல்லாம் அம்மா தன் மாமியாரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். என் அப்பத்தாவுக்கு 1970களில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில்தான் புரை எடுத்தார்கள். வகுப்பறையில் பாய்களை வரிசையாக விரித்து, தலை அசையாதிருக்க இருபுறமும் மணல் மூட்டைகளை வைத்து, நாள்கணக்கில் படுக்கவைத்திருந்தார்களாம். புரை விழுந்த லென்ஸை எடுத்தார்களே தவிர, அதன் இடத்தில் வேறொன்றைப் பொருத்தும் வசதி அன்று ஏழைகளுக்கு எட்டவில்லை. சாகும்வரை அப்பத்தாவின் முகத்தில் சோடாப்புட்டிக் கண்ணாடி இருந்தது.

ஜூலை 5

அம்மாவை உள்ளே அழைத்துச் சென்ற பிறகு, இந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 1918இல் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் பிறந்தவர். இராணுவத்தில் மருத்துவராகச் சேர்ந்தவரை முடக்குவாதம் பிடித்துப் படுக்கையில் தள்ளியது. அதன்பின் விரல்கள் நேராகவே இல்லை. புகைப்படங்களில் அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு பக்கம் கோணிக்கொண்டு, ஒரு பேனாவைப் பிடிப்பதே பாடு என்று தோன்றும். அந்தக் கைக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கத் தம்மைத் தாமே பழக்கி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். மன உறுதி என்ற சொல்லை நாம் சற்று மலிவாகப் பயன்படுத்துகிறோமோ என்று அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன்.

அறுவை அறையில் அடுத்தடுத்து இரண்டு மேசைகள் இருக்கும். ஒன்றில் சிகிச்சை முடிவதற்குள் மற்றதில் அடுத்தவரைச் செவிலியர் ஆயத்தப்படுத்திவிட, மருத்துவர் திரும்பி உட்கார்ந்து தொடர்வார். பணம் கட்ட முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகச் செய்ய வேண்டுமானால் ஒரு நிமிடத்தையும் வீணாக்கக் கூடாது என்ற கணக்கு அதில் இருக்கிறது. அவருடைய கருணை கணக்குத் தெரிந்த கருணை. அதனால்தான் அவருக்குப் பிறகும் அது நிற்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஜூலை 6

கட்டைப் பிரித்துவிட்டார்கள். சொட்டு மருந்து விடும் முறையைச் செவிலிப் பெண் எனக்கு இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார். மாலையில் வீடு திரும்பினோம்.

ஜூலை 7

2006இல் இதே நாளில், தமது 87ஆம் வயதில் டாக்டர் வெங்கடசாமி மறைந்தார். எனக்கு அடுத்த ஆண்டு பணி ஓய்வு. ஓய்வூதியம் எவ்வளவு வரும், திண்ணையில் சாய்வு நாற்காலியை எந்தப் பக்கம் போடலாம் என்றெல்லாம் யோசித்துவைத்திருக்கிறேன். அவரோ 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், திருமணம் செய்துகொள்ளாத தனி மனிதராக, உடன்பிறந்தவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு, 1976இல் 11 படுக்கைகளோடு இந்த மருத்துவமனையைத் தொடங்கினார். புரையை எடுத்த இடத்தில் பொருத்தும், வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கை லென்ஸ் ஏறத்தாழ 100 டாலர் விற்ற காலத்தில், அதை இங்கேயே செய்வதற்காக 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்புக்கூடம் தொடங்கப்பட்டது; விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது. அப்பத்தாவுக்குக் கிடைக்காத அந்தச் சிறு வட்டம் இன்று அம்மாவின் கண்ணுக்குள் இருக்கிறது.

காலையிலிருந்து அம்மா ஒரு கண்ணைக் கையால் மறைத்து மறு கண்ணால் பார்ப்பதும், பிறகு கையை மாற்றிப் பார்ப்பதுமாக இருக்கிறார். புதுக் கண்ணுக்குச் சுவர் பளீரென்ற வெள்ளை. பழைய கண்ணுக்கு அதே சுவர் தேநீர்க் கறை படிந்ததுபோல மஞ்சள். "இத்தனை வருஷமா இந்த வீட்டுக்குச் சரியா வெள்ளையடிக்கலன்னு உன்னையல்லவா திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகு நாட்காட்டியைத் தாமே எட்டிப் பார்த்து, இடக் கண்ணுக்கு எப்போது போகலாம் என்று கேட்டார்.