கூரை கழற்றும் வரைக்கும்

2024 செப்டம்பர் 10
கூரையைப் பார்க்க மரவேலை பாஸ் வந்தார். ஏணி வேண்டாமாம். குடைக்காம்பால் கூரைக் கைமரத்தில் மூன்று தட்டு. மூன்றாவது தட்டுக்கு மா மாதிரிக் கொட்டியது. "ஒக்கோம இவரய், மிஸ்." எல்லாம் முடிஞ்சுதாம். கறையான் தின்ற மரம் சத்தத்திலேயே தெரியுமாம்.
அப்பா கட்டிலில் கிடந்தபடி, "என்னவாம்?"
"ஒண்டுமில்லை. சும்மா தட்டிப் பாக்கினம்."

செப்டம்பர் 12
பழைய சோனகத் தெருவில் அரைநாள் போனது. பொக்ஸ் பார், அதாவது சதுர இரும்புக் குழாய், விலை கேட்கத்தான் போனேன். முதலில் காட்டியது கைக்குப் பாரமே இல்லை. தகடு எத்தனை மில்லி என்று கேட்ட பிறகுதான் கடைக்காரர் உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்தார்.

தம்பி கனடாவிலிருந்து ஒரே பல்லவி. இரும்பு போடு, கறையான் இல்லை, வளையாது, கெதியா முடியும். எல்லாம் சரி. வெள்ளவத்தைக் கடற்காற்று அவனுக்கு மறந்துவிட்டது. எங்கள் ஜன்னல் பிணைச்சல்களைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வெளியே பெயின்ற் அடிக்கலாம். குழாய்க்குள்ளே யார் பிரஷ் விடுவது? வெல்டிங் பிடித்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேதான் தொடங்கும். நுனிகளை அடைத்து வெல்ட் பண்ணச் சொன்னால் "அதுக்கு வேற காசு" என்கிறார்கள்.

பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் பார்த்ததற்கு நீலக் கோடு மட்டும்.

செப்டம்பர் 13
இரவெல்லாம் அப்பாவுக்கு இருமல்.

செப்டம்பர் 15
நாளை மீலாத். செவ்வாய் போயா, பௌர்ணமி லீவு. சனி வோட்டு. பாஸ் ஊருக்குப் போய்விட்டார். ஒக்டோபர் மழை யாருக்கும் லீவு கேட்டு வராது.

செப்டம்பர் 18
மரம் பார்க்க மொறட்டுவை. முதிரை மர விலையைச் சொல்லிவிட்டு மரக்கடைக்காரரும் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு தென்னஞ் சட்டம் காட்டினார். மலிவுதான். ஆனால் முதிர்ந்த மரத்தின் வெளிப்பக்கம்தான் மரம், நடுப்பகுதி வெறும் சோற்றி, மெதுமெதுவென்று. அப்பா சொன்னது போலவே: "பக்கத்தைப் பாக்காதை, வெட்டுமுகத்தைப் பார். வைரம் எவ்வளவு தூரம் போயிருக்குதெண்டு அங்கதான் தெரியும்." அவர் சொன்னது பனைக்கு. ஊர் வீட்டுப் பனங் கைமரம் அப்பாவுக்கு இன்னும் தலைக்கு மேலே இருக்கிறது. கொழும்பில் பனைக்கு எங்கே போக?

கெம்பஸ் என்று முடிவு. மலேசியாவிலிருந்து வருகிற மரம், நல்ல கனம். துளை போடாமல் அடித்தால் ஆணிதான் வளையும்.

ஓடு போட ஆசைதான். ஓட்டுக்குச் சரிவு கூட வேண்டும், பாரமும் கூட. சுவரையும் உயர்த்தவேண்டி வரும். விட்டாச்சு.

செப்டம்பர் 21
வோட்டுப் போட்டாச்சு. இரவு 10 மணிக்கு ஊரடங்கு. அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்பா கேற் பூட்டை மூன்று தரம் பார்க்கச் சொன்னார். மூன்று தரமும் போய்ப் பார்த்தேன்.

செப்டம்பர் 25
பாஸ் வரவில்லை. போன் ஓஃப்.

செப்டம்பர் 29
வந்தார். சண்டை.

பழைய சீற்றெல்லாம் அஸ்பெஸ்டஸ். சுத்தியலால் உடைத்துக் கீழே போட்டால் ஒரு நாள் வேலை என்கிறார். நான் சொன்னது: முதலில் தண்ணீர் அடித்து நனைக்க வேண்டும். கொக்கி ஆணிகளைக் கழற்ற வேண்டும், துருப்பிடித்ததை வாளால் அறுக்க வேண்டும். சீற்றை முழுசாகக் கயிற்றில் இறக்க வேண்டும். கிரைண்டர் கிட்டவும் வரக்கூடாது. காய்ந்த தூசியைத் தும்புத்தடியால் கூட்டவும் கூடாது. "30 வருசமா வெட்டுறன் மிஸ், எனக்கு ஒண்டுமில்லையே." அந்த நார் நெஞ்சுக்குள் போய் வேலை காட்ட அத்தனை வருசம்தான் எடுக்கும் என்று எப்படி அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது? பேசாமல் தேத்தண்ணி கொடுத்தேன். மாஸ்க் வாங்கித் தருவேன் என்றேன்.

அப்பாவை மாமி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நாலாம் மாடி. வரமாட்டாராம்.

ஒக்டோபர் 5
மரம் வந்தது. ஈரம். இடையிடையே குச்சி வைத்துக் காற்றுப் போக அடுக்கினோம். பாஸ் பழைய என்ஜின் ஒயில் பூசப் பார்த்தார். வேண்டாம் என்றேன். அந்த மணத்தில் அப்பா எப்படிப் படுப்பார்? கறையான் மருந்து வாங்கினேன்.

ஒக்டோபர் 8
இருமல் குறைவு. அல்லது நான் தூங்கிவிட்டேன்.

ஒக்டோபர் 13
மழை, மழை, மழை. தறப்பாள் ஒரு மூலையில் பறந்து நாலு சட்டம் நனைந்துவிட்டது. அறைக்குள் பேசின் மூன்று. கடுவெல, கொலன்னாவைப் பக்கம் வெள்ளம். பாஸின் கையாள் பொடியனின் வீட்டுக்குள்ளும் தண்ணீர். இதில் நான் நாலு சட்டத்துக்கு அழுதேன்.

ஒக்டோபர் 17
போயா. சொட்டுச் சத்தம்.

ஒக்டோபர் 20
நாளை கழற்றுகிறார்கள். மாமி வீட்டுக்குப் போக அப்பா சம்மதம், ஆனால் முதலில் மரத்தைப் பார்க்க வேண்டுமாம். கதிரையோடு தூக்கிக்கொண்டு போனோம். ஒவ்வொரு வெட்டுமுகமாகப் பெருவிரலால் தடவினார். ஒரு சட்டத்தை மட்டும் விலக்கி வைக்கச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

ஒக்டோபர் 21
காலை 6.40. கடல் பக்கம் கறுத்திருக்கிறது. ஏணி வந்துவிட்டது.